சிவப்பு மையில் திருத்திய கடிதம்

மேலப்புதூர், திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டெல்பினுக்கு,

அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நீயும் மாப்பிள்ளை ஜைத்தும், பிறந்து இருபது நாளான என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை, அதனால் தபாலில் வருகிறேன். தமிழில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. எனக்குக் கடிதம் எழுதினால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டவன் நான். அந்தச் சட்டத்தை இன்றோடு எடுத்துவிட்டேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. உன் பிரசவத்துக்காக அம்மா துவாக்குடி வந்ததிலிருந்து வீட்டில் நான் ஒருவன்தான். அரை லிட்டர் பால் வாங்கினால் பாதி திரிந்து போகிறது. அவள் சீரியல் பார்க்கும் நேரத்துக்கு டிவியைப் போட்டுவிடுகிறேன். பார்ப்பதில்லை, ஒரு பேச்சுக்குரல் கேட்கட்டும் என்றுதான். மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறேன் என்று அவளிடம் சொல். தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, டெல்பின்.

அவள் கிளம்பும்போது நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வரணும்னா அவகிட்ட நீங்களே கேளுங்க. நான் நடுவுல நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மேசைமேல் ஒரு கவரை வைத்துவிட்டுப் போனாள். மூன்று வருடத்துக்கு முன் உன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு நீ எனக்கு எழுதிய கடிதம். நான் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பியது. நீ அதை அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. உங்களை 'பிசீச்' (beseech) செய்கிறேன், வாருங்கள் அப்பா என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, பழைய வழக்கு, 'ரிக்வெஸ்ட்' என்றால் போதும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். வருவேனா மாட்டேனா என்று ஒரு வரி இல்லை, கல்யாணத்துக்கு வரவும் இல்லை. பத்துக்கு ஆறு மார்க் வேறு.

அந்தச் சொல்லை உனக்குக் கற்றுக்கொடுத்தவனே நான். ஒன்பதாம் வகுப்பில் உனக்கு ஆங்கில வாத்தியாராக இருந்தபோது, நாடகப் பாடத்தில் முழங்காலிட்டு நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. ரிக்வெஸ்ட்டை நின்றுகொண்டே செய்யலாம், லீவு லெட்டரில்கூட எழுதலாம். பழைய நாடகங்களில் 'பிசீச்' என்று சொல்பவர்கள் வேறு வழியில்லாதவர்கள். மகன் உயிரைக் கேட்கும் தாய், அரசன் காலில் விழுந்த கைதி. மறுத்த அரசன் எவனும் கடைசி அங்கம்வரை நிம்மதியாக இருந்ததாக நான் படித்ததில்லை. நம் கோயிலில் மன்றாடுகிறோம் என்கிறோமே, அதேதான். ஞாயிறு தவறாமல் அதைச் சொன்னவன், மகள் சொன்னபோது பழைய வழக்கு என்றேன். பயம்தான் காரணம். வேற்று மதத்து மாப்பிள்ளையா என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. திருத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு.

போன செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கிளம்பி வந்தேன். திருவெறும்பூர் தாண்டத் தைரியம் வரவில்லை, இறங்கித் திரும்பிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் துவாக்குடி பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். நானாக வீட்டுக்கு வர மாட்டேன். யாராவது வந்து கூப்பிட்டால் வருகிறேன், வாசலில் நின்று பார்த்தால்கூடப் போதும். மதியம்வரை யாரும் வராவிட்டால் திரும்பிவிடுவேன். கோபப்பட மாட்டேன். சனிக்கிழமையும் வருவேன்.

பேத்தியின் பெயரையும் உன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொல்கிறாள் உன் அம்மா. அது தெரியாமலே தினமும் அவளுக்காக ஜெபம் சொல்கிறேன். ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
செபஸ்தியான்