ஊதாப் புள்ளி வராத பாத்தி

பக்கத்து வீட்டுக்காரி இன்று காலை, மகனுக்குக் கட்டி என்று சமுத்திரப்பச்சை இலை கேட்டு வந்தாள். என் கணவர் இறந்த வருஷம் நீ கொண்டுவந்து வேலியோரம் நட்ட கொடிதான். இரண்டு இலை கிள்ளிக் கொடுத்தேன். காம்பில் வடிந்த பால் விரலில் ஒட்டியது. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தப் பச்சை வாடை போகவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் நாம் ஆராய்ச்சி மாணவிகளாக ஒரே அறையில் இருந்தோம். உன் ஆய்வு இந்தக் கொடியிலுள்ள ஆல்கலாய்டு பற்றியது. மனத்தைக் கலக்கும் அந்த நஞ்சைக் கொடியே தயாரிக்கிறது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஐப்பசி மழையில் உன் நாற்றுகள் அழுகிப்போயின. மறுமுறை பாதி விதைகளைப் பூஞ்சைக்கொல்லி மருந்தில் ஊறவைத்து ஒரு பாத்தியிலும், மீதியை அப்படியே அடுத்த பாத்தியிலும் போட்டாய். இரண்டும் செழித்தன. தளிரை அரைத்து, சாற்றைச் சோதனைத் தட்டில் ஏற்றி, நஞ்சு இருந்தால் ஊதாவாகக் காட்டும் மருந்தைத் தெளித்தோம். ஊறவைக்காத பாத்திக்கு ஊதாப் புள்ளி வந்தது. ஊறவைத்த பாத்திக்கு ஒன்றுமே வரவில்லை. நீ திரும்பத் திரும்பச் செய்தாய். கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கியபடி நான் கண்ணாடிக் குழாய்களைப் பளிச்சென்று கழுவிக் கொடுத்தேன். பதில் மாறவில்லை.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே கொடியோட விதை. எப்படிம்மா ரெண்டு பதில் வரும்? உன் கை சுத்தமில்ல. அந்த ரெண்டாவது பாத்திய விட்டுட்டு எழுதிக் கொண்டா. யாரு வந்து பாக்கப் போறா?”

“பாத்தி அங்கன நிக்குதே சார்” என்றாய்.

உன் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை. பட்டம் வாங்கினால் கல்லூரி வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் மேலப்பாளையத்துக்குத் திரும்பி நிக்காஹ் என்று உன் வாப்பா சொல்லியிருந்தார். அதனால்தான் அன்று உன்னோடு சண்டை போட்டேன்.

“ஏட்டி, நீ என்ன அரிச்சந்திரன் பேத்தியா?”

“எங்க வாப்பாவப் பெத்தவரு ஜவுளி யாவாரி. பொய்யெல்லாம் நல்லாச் சொல்லுவாரு. எனக்குத்தான் வரமாட்டேங்கு.”

சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினாய். அழுதது நான்தான். நிக்காஹ் ஆனது. கண்மூடும்வரை நீ பள்ளிக்கூட டீச்சராகவே இருந்தாய்.

போன மாதம் என் தங்கை மகள் வந்திருந்தாள். தாவரவியல் கற்பிக்கிறாள். சாப்பிடும்போது இந்தக் கொடியைப் பற்றிப் பேச்சு வந்தது.

“நஞ்ச உண்டாக்குறது கொடி இல்ல பெரியம்மா. தளிர்ல ஒரு பூஞ்சை குடியிருக்கு. விதை வழியாவே அடுத்த செடிக்கும் போயிரும். கொடி அதுக்குச் சோறு போடுது, அது நஞ்ச உண்டாக்கிக் கொடியக் காவல் காக்குது.”

“விதையப் பூஞ்சைக்கொல்லியில ஊறவச்சா?”

“பூஞ்சை செத்துரும். கொடி நல்லாத்தான் வளரும். நஞ்சு மட்டும் இருக்காது.”

பாதிச் சோற்றில் எழுந்து உன் மகளுக்குப் போன் செய்தேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “இதக் கேட்டா உம்மா என்ன மாமி சொல்லியிருப்பாங்க?” என்றாள்.

“அந்தப் பேராசிரியர் பாவம்னு சொல்லியிருப்பா” என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை.

உனக்குக் காரணம் தெரியாது. ஊகம்கூட உன்னிடம் இல்லை. தட்டில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எழுதினாய். காரணம் தெரிந்த பிறகு அப்படி எழுத யாராலும் முடியும். என் ஆய்வு முடிவுகள் எல்லாம் புத்தகத்தோடு ஒத்துப்போயின. உனக்கு வந்த சோதனை எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்த வயதிலும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சென்ற வாரம் ஒரு கல்யாண வீட்டில் நம்மோடு படித்த ஒருத்தி உன்னைப் பற்றிப் பேசினாள். “பாவம், ஆராய்ச்சியப் பாதியில விட்டவ” என்றாள்.

“பாதியில விடல. கண்ணால கண்டத விடாம நின்னா” என்று திருத்தினேன்.

இனி யார் சொன்னாலும் திருத்துவேன். இடம், நேரம் பார்க்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.