செத்த கம்பி, பூட்டிய கம்பி

அன்பு மகளுக்கு,

அலுவலகத்தில் ‘அளவுகோல்’ என்றும் வீட்டில் அப்பா என்றும் அழைக்கப்படும் நான், மருத்துவமனையின் இரண்டாம் மாடி வராந்தாவில் அமர்ந்து, பிற்பகல் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். நேற்று தொலைபேசியில் நீ அழுதுகொண்டே கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுதல். இங்கே யாவரும் நலம் என்று வழக்கம்போல் எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டில் உன் அம்மாவுக்கு இயந்திரத்தின் தயவில் மூச்சு ஓடுகிறது, உன் மாமாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நலச் செய்தி இவ்வளவுதான்.

“ஒரே ஒரு பொய்தானேப்பா, அதுவும் ஒரு இரும்புப் பெட்டி மேல, மாமாவுக்காக அதைக்கூடச் சொல்ல மாட்டீங்களா” என்று கேட்டாய். எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி நான் ரிசீவரை வைத்தது கோபத்தினால் அல்ல. அதே கேள்வியை உன் அத்தையும் என் மேலதிகாரியும் அவரவர் சொற்களில் கேட்டு முடித்திருந்தார்கள். கடைசியாக உன் குரலிலும் அது வந்தபோது, எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், சைக்கிள் பழக்கியவர், உன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விமான நிலையம் வரை வந்தவர் உன் மாமா. நீ அவர் பக்கம் நிற்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நீ அரைகுறையாகக் கேட்டிருக்கிறாய், ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் வீட்டுக்கு வரும் மின்கம்பி அடிவாரத்துச் சப்-ஸ்டேஷனில் கிளம்பி, மலை மடிப்புகளின் மேல் கம்பத்துக்குக் கம்பம் தாவி வருவது உனக்குத் தெரியும். நீ பள்ளியில் படித்த காலத்தில் ஒரு கிளை உரசினாலும் மொத்த லைனும் அணைந்துபோகும், மாமாவும் அவர் ஆட்களும் கம்பம் கம்பமாக நடந்து பழுதைக் கண்டுபிடிக்கும்வரை நாம் இருட்டில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்போம். அப்போது உன் அம்மாவுக்கு நுரையீரல் நோய் இல்லை, இருட்டு வெறும் இருட்டாக மட்டுமே இருந்தது. இப்போது ஆக்சிஜன் இயந்திரம் நின்றால் பேட்டரி சற்று நேரம் தாங்கும், பேட்டரி போனால் சிலிண்டர், சிலிண்டரும் தீர்ந்தால் என்ன என்பதை நான் எழுத விரும்பவில்லை. சில ஆண்டுகளாக இந்த லைனில் தானியங்கிச் சுவிட்சுகளைப் பொருத்தும் பணி என் பொறுப்பில் நடந்தது. கிளை உரசினால் கம்பத்தின் மேல் இரும்புப் பெட்டிக்குள் உள்ள சுவிட்ச் தானே திறந்து, சிறிது பொறுத்துத் தானே மூடிப் பார்க்கும், அதற்குள் கிளை விலகியிருந்தால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியதோடு சரி. கம்பியே அறுந்துபோனால் பழுதான துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, மேட்டின் உச்சியில் உள்ள இணைப்புச் சுவிட்ச் அடுத்த பள்ளத்தாக்கின் லைனிலிருந்து கரன்ட் வாங்கி நம் பக்கத்துக்குக் கொடுக்கும். லைன்மேன்கள் அந்தச் சுவிட்சுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். உயரத்துல உக்காந்திருப்பார், தானா முடிவெடுப்பார், ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க முடியாது என்று அதற்கு விளக்கம் சொன்னவரும் உன் மாமாதான். மாப்பிள்ளை வந்த பிறகு உன் அம்மா சிலிண்டரைத் திறக்க நேர்ந்தது மிகவும் அபூர்வம்.

விபத்து நடந்த அன்று வீசிய காற்றில் மரம் ஒன்று சாய்ந்து நம் லைனை அறுத்தது. அதே காற்றில் அடுத்த பள்ளத்தாக்கின் லைனும் அணைந்துவிட்டதால், கொடுப்பதற்கு மாப்பிள்ளையிடம் கரன்ட் இல்லை. உன் அம்மா பேட்டரியில் இருந்தாள். மாமாவின் குழு மரத்தை அறுத்து அகற்றியது. அவர் கம்பத்தில் ஏறுவதற்கு முன் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். அங்கே இருந்தவள் உன்னைவிட இளைய பெண், யார் எதைச் சொன்னாலும் விதிப்படி திருப்பிச் சொல்வதால் எல்லோரும் அவளைக் ‘கிளி’ என்பார்கள். “கிளி, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கரன்ட் இருக்கா” என்று மாமா கேட்டார். “இல்லண்ணே, அந்தப் பக்கமும் செத்துதான் கிடக்கு” என்றாள். “அப்ப நான் ஏறுறேன், அக்கா பேட்டரில இருக்காங்க” என்றார். “ஏறுறீங்க, சரிண்ணே” என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. மகளே, அவர் கேட்டிருக்க வேண்டியது கரன்ட் இருக்கிறதா என்பதை அல்ல. இணைப்புச் சுவிட்சைப் பூட்டு, பூட்டியதும் எனக்குச் சொல் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் தன் மேசையிலிருந்தே அதைப் பூட்டியிருக்கலாம், பூட்டிய சுவிட்ச் யார் கரன்ட் கொடுத்தாலும் வாங்காது. அடுத்ததாக, அறுந்த கம்பியின் இரண்டு துண்டுகளையும் தரையோடு இணைத்து எர்த் போட்டிருக்க வேண்டும். மாமா சப்-ஸ்டேஷன் பக்கத்துத் துண்டுக்கு மட்டும் போட்டார். இன்னொன்றுக்கான எர்த் கம்பி சரிவுக்குக் கீழே வண்டியில் இருந்தது, இறங்கி ஏற நேரமாகும், அக்காவின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அடிவாரத்திலிருந்து மட்டுமே கரன்ட் வரப் பார்த்தவர் அவர். மேட்டுப் பக்கத்துத் துண்டு அவரைப் பொறுத்தவரை வெறும் கம்பி.

அவர் அந்தத் துண்டை வலக் கையால் இழுத்துப் பிடித்திருந்தபோது அடுத்த பள்ளத்தாக்கின் லைன் உயிர்பெற்றது. மாப்பிள்ளை தனக்குக் கற்றுக்கொடுத்ததைத் தவறாமல் செய்தது. வீட்டில் அம்மாவின் இயந்திரம் ஓடத் தொடங்கியது. “பாத்தீங்களா, தம்பி சரி பண்ணிட்டான்” என்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இயந்திரம் மறுபடி நின்றது. மாமாவின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாளைக் காலை விசாரணை. லைனுக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் நான் சாட்சி சொல்ல வேண்டும். மேலதிகாரி என்னைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, “இயந்திரக் கோளாறுன்னு சொல்லிடுங்க சார், இயந்திரத்துக்குப் பொண்டாட்டி பிள்ளையா இருக்கு” என்றார். அவர் கெட்டவர் அல்லர், உன் மாமாவின் வேலை போகக்கூடாது என்று உண்மையாகவே நினைக்கிறார். அப்படி நான் சொன்னால் மலை லைன்கள் அனைத்திலும் தானியங்கியை அணைத்துவிட்டுப் பழையபடி கையால் இயக்கும்படி உத்தரவு தயாராக இருக்கிறது. உன் அத்தை இதே வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டாள். “உங்க பொண்டாட்டி மூச்சு விடணும்னுதான் என் வீட்டுக்காரர் அவசரமா ஏறினாரு. கையைக் கொடுத்தாச்சு, இனி வேலையையும் கொடுக்கணுமா அண்ணே, அதையும் நீங்களே பிடுங்கிக் கொடுக்கப் போறீங்களா?” நர்ஸ் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து அவளை உள்ளே அழைத்துப் போனாள். அத்தை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தம்பி எதற்காக அவசரப்பட்டான் என்பதை உன் அம்மாவிடம் மறைத்து வைத்திருந்தோம். யாரோ நலம் விசாரிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்று காலை நான் குளித்துவிட்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கரன்ட் இருந்தது, மின்விசிறி சுற்றியது, இயந்திரம் மட்டும் நின்றிருந்தது. அவள் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். பேச மூச்சு திரும்பியதும் அவள் சொன்னாள்: “அந்தச் சத்தத்தைக் கேக்க முடியலீங்க. அவன் கைதான் ஓடுற மாதிரி இருக்கு. நீங்க பொய்யே சொல்லுங்க, எனக்குப் பழையபடி சிலிண்டர் போதும்.” சிலிண்டர் போதாது என்பது அவளுக்கும் தெரியும். டவுனுக்குக் குடிபோகலாம் என்று நீ சொல்லக்கூடும். அந்தப் புழுதியில் அவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். என் அம்மா இறந்தபோதுகூட நான் இப்படி நிலைகுலையவில்லை. அடுப்படியில் போய் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அவளுக்குக் கேட்காதபடி அழுதேன். பக்கத்து வீட்டுக்காரம்மாவை அவளோடு உட்கார வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பொய் சொல்ல முடியவில்லை என்று கேட்பாய். விதிப் பைத்தியம் என்று உன் மாமா என்னைக் கேலி செய்வது உனக்கு நினைவிருக்கும், ஆனால் காரணம் அதுவல்ல. நேற்று மதியம் கருவி அறைக்குப் போய் லைன்மேன்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். கம்பி அறுந்து கிடக்கிறது, நீ ஏறப் போகிறாய், கட்டுப்பாட்டு அறையில் என்ன கேட்பாய்? எல்லோரும், ஒருவர் விடாமல், கரன்ட் இருக்கான்னு கேப்பேன் என்றார்கள். வேறு ஒன்றும் கேட்க மாட்டாயா என்றேன். “மாப்பிள்ளைய வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டியாச்சான்னா சார் கேக்க முடியும்” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அங்கிருந்த கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பூட்டும் முறையை அவர்கள் எல்லோருக்கும் பயிற்சி வகுப்பில் திரையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், எல்லோரும் தேறியிருக்கிறார்கள். ஆனால் செத்த கம்பி செத்தபடியே கிடக்கும் என்று வாழ்நாளெல்லாம் பழகிய பழக்கத்தை அந்தப் படம் தொடவே இல்லை. இயந்திரக் கோளாறு என்று நான் சொல்லிவிட்டால் சுவிட்சுகள் ஓய்வெடுக்கும், நம் வீட்டிலும் அதே லைனில் நமக்குச் சற்றுக் கீழே இயந்திரத்தில் மூச்சு வாங்கும் கிழவர் வீட்டிலும் பழைய இருட்டு வரும், என்றாவது ஒருநாள் புதிய பெட்டியோடு சுவிட்சுகள் திரும்பவும் வரும். அன்று இன்னொருவன் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, உண்மையான பதிலைப் பெற்றுக்கொண்டு, கம்பத்தில் ஏறுவான். அவனுக்குக் கையோடு போகும் என்று யார் உத்தரவாதம் தருவது? அந்தக் கிளியும் வேலைக்கு வருவதில்லை, கதவைத் திறப்பதில்லையாம். நான் உண்மையாத்தானே சொன்னேன், உண்மையாத்தானே சொன்னேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவள் அப்பா வந்து என்னிடம் கைகூப்பினார்.

ஆகவே நாளை நான் சொல்லப்போவது இது. காயம்பட்டவர் என் மனைவியின் தம்பி, அந்த லைனின் கடைசி முனையில் என் மனைவி மூச்சு வாங்குகிறாள், இவ்விரண்டையும் எடைபோட்டுக்கொண்டு என் சாட்சியைக் கேளுங்கள் என்பதை முதலில் சொல்வேன். சுவிட்ச் தவறவில்லை, அது பூட்டப்படவில்லை, இரண்டாவது எர்த் போடப்படவில்லை என்பதை அடுத்துச் சொல்வேன். அவர் கேட்ட கேள்வியைத்தான் இங்குள்ள ஒவ்வொரு லைன்மேனும் கேட்டிருப்பான், வேண்டுமானால் இப்போதே கூப்பிட்டுக் கேளுங்கள், ஒரு மனிதனைத் தண்டித்துவிட்டு மற்றவர்களை அதே பழக்கத்தோடு கம்பத்தில் ஏற்றாதீர்கள், கம்பத்தடியில் நின்று ஒவ்வொருவரையும் பூட்டச் சொல்லிப் பழக்குங்கள் என்று மன்றாடுவேன். எனக்கு மன்றாடிப் பழக்கமில்லை, அவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. மாமாவின் வேலை போய்விடலாம். மச்சானை விட்டுக்கொடுத்துப் பொண்டாட்டிக்குக் கரன்ட் வாங்கினான் என்று உறவு முழுவதும் பேசும். அது பொய் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை, மகளே. அவள் அந்த முனையில் இல்லாதிருந்தால் இதே துணிவு எனக்கு வந்திருக்குமா என்று என்னையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று பாக்கி இருக்கிறது. உன் மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. “கேட்டுட்டுத்தானே அத்தான் ஏறினேன், மாப்பிள்ளை கழுத்தறுத்துட்டார் பாருங்க” என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இனிமே கை தட்டணும்னா ஆளுக்கு ஒரு கையாப் போட்டுத் தட்டுவோம் அத்தான் என்று என்னிடம் சிரித்தார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டினேன். தான் முறைப்படி வேலை செய்தும் கை போயிற்று என்ற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் படுத்திருக்கிறார்.

நீ வேளைக்குச் சாப்பிடு. அறையில் ஹீட்டர் போட்டால் ஜன்னலைச் சற்றுத் திறந்து வை. அம்மாவைத் தினமும் மாலையில் கூப்பிடு, மாமாவைப் பற்றி அவள் பேசினால் பேச விடு, குறுக்கே ஆறுதல் சொல்லாதே. அத்தை கூப்பிட்டு என்னைத் திட்டினால் போனை வைத்துவிடாமல் முழுவதும் கேள், எனக்காக வாதாட வேண்டாம். இதைப் படித்த பிறகு என்மேல் உனக்குக் கோபம் வந்தாலும் அது நியாயமே, கோபத்தோடாவது எழுது. நீ நீண்ட ஆயுளோடும், நல்ல மூச்சோடும், மனச்சான்று உறுத்தாத தூக்கத்தோடும் வாழ வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

அறைக்குள் மாமா விழித்துவிட்டார், என்னைத் தேடும் குரல் கேட்கிறது. விசாரணை மன்றத்தில் நான் பேசப்போவதை வேறொருவர் வாயால் அவர் கேட்கக்கூடாது. இந்தத் தாளை மடித்துவிட்டு உள்ளே போகிறேன். அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நாளை சொல்லப்போவதை ஒரு சொல் குறைக்காமல் முதலில் அவரிடம் சொல்லப்போகிறேன். அவர் இடக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வேன், உதறினாலும் விடமாட்டேன்.

உன் அப்பா