வாசல் கதவுக்கு ஒரு நீல முகம்

மார்ச் 2

ராய்ச்சோ, இன்று நிலவறைக்குள் இறங்கினேன். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் உன் மேஜை அப்படியே இருக்கிறது. பழுப்புப் புட்டிகள் இரண்டு. ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் மஞ்சள் தண்ணீர். பச்சையின் மேல் வெள்ளையாகப் பூசணம். ஊறுகாய்த் தண்ணீரில் பிடிக்காததா? துணியில் வடிகட்டி வைத்தேன்.

மார்ச் 4

ஏப்ரல் ஒன்பது வந்தால் நீ போய் அரை வருஷம். வாசல் கதவில் மறுபடி உன் படத்தோடு நினைவு நோட்டீஸ் ஒட்ட வேண்டும். நாற்பதாம் நாளுக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டோம். பக்கத்து வீட்டு ஸ்தோய்னா அக்கா அன்றைக்கே சொன்னாள்: "என்னடி ட்சோன்கா, உன் புருஷன் கோழி திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறான்." சிரித்துவிட்டேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. ஊரார் முகத்தையெல்லாம் நீலத்தில் அச்சிட்டுக் கொடுத்தவனுக்கு இதுவா முகம்?

போன கோடையில் உன் சிநேகிதன் தொப்ரி பிளம் மரத்தடியில் உன்னை எடுத்தானே, அந்த நெகட்டிவ் உறைக்குள் கிடக்கிறது. உள்ளங்கை அகலம். நீ அச்சிடவே இல்லை. அரை வருஷத்துக்கு அந்த முகத்தைத்தான் ஒட்டப்போகிறேன்.

மார்ச் 5

தொப்ரிக்குப் போன் செய்தேன். இரண்டு தண்ணீரையும் சம அளவு கலந்து, தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். மேலே நெகட்டிவும் கண்ணாடியும் வைத்து வெயிலில் காட்டி, பிறகு அலச வேண்டும். அவ்வளவுதானாம். தானே வந்து செய்து தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். முறையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மார்ச் 7

நீ காபிக் கோப்பையின் அடி நனைகிற அளவுதான் கலப்பாய். கஞ்சன் என்று கேலி செய்வேன். நான் மிளகாய் போட்டு வைக்கிற ஜாடியில் மொத்தத்தையும் கலந்துவிட்டேன். ஒரே வேலையாக முடியுமே. ஆனால் வெயிலைக் காணோம்.

மார்ச் 10

மழை.

மார்ச் 12

வெயில் வந்தது. ஜாடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் நீலம், அடியில் வண்டல். இருந்தாலும் பூசிப் பார்த்தேன். தாள் முழுக்க ஒரே நீலம், முகமே இல்லை.

தொப்ரிக்குப் போன் செய்து சொன்னேன். "அண்ணி, இது என்ன குளிர்காலத்துக்குப் போட்டு வைக்கிற ஊறுகாயா? கலந்தா அன்னிக்கே தீர்த்துடணும்" என்றான்.

கொட்டினேன். நீ கரைத்து வைத்தது. உன் கையால் கரைத்தது அத்தனையும் — நான்தான், என் கையாலதான் கொட்டினேன். எதுக்குடி உனக்கு இந்த வேலை?

மார்ச் 13

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 17

அலமாரியில் டப்பாக்கள் இருக்கின்றன. மஞ்சள் தண்ணீருக்கான சிவப்புக் கற்கள் நிறைய, பச்சைத் தண்ணீருக்கான பச்சைப் பொடி அடியில் கொஞ்சம். தொப்ரி அளவு சொல்லச் சொல்ல உன் சின்னத் தராசில் நிறுத்துக் கரைத்தேன். அந்தப் பச்சைப் பொடி இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காதாம். வரவழைப்பதற்குள் ஏப்ரல் ஒன்பது போய்விடும். இந்தத் தடவை காபிக் கோப்பையில்தான் கலப்பேன்.

மார்ச் 20

வந்தாய். அலசும்போது முதலில் தொப்பி, அப்புறம் மீசை, அப்புறம் கண். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்னம் மஞ்சளாக வெளிறியது. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கரைந்து, வெறும் கறை நின்றது. என் கண்ணு முன்னாலேயே ரெண்டாவது தடவையும் போயிட்டே.

எல்லாம் தாளை அலசிய தட்டு செய்த வேலை. அதைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்திருந்தேன், சரியாக அலசாமல். ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை பார்த்தவள் வேறு எப்படிக் கழுவுவேன்? சோடா பட்டால் இந்த நீலம் நிற்காது என்கிறான் தொப்ரி. அலசுகிற தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடச் சொன்னான். "அண்ணன் உங்களை ஏன் இதைத் தொட விடலைன்னு இப்பத்தான் புரியுது அண்ணி."

போனை வைத்துவிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டுப் பேசினேன். பாவம்.

ஏப்ரல் 8

நடுவில் வெயிலே இல்லை. பச்சைத் தண்ணீர் ஒரு கோப்பைக்குத்தான் மிச்சம். காலையிலேயே கலந்து இரண்டு தாள்களில் பூசினேன். மத்தியானம் நல்ல வெயில். வெயிலில் ஒன்றை மட்டும் வைத்தேன், மற்றதை நிலவறையில் ஒளித்துவிட்டேன். கெட்டால் ஒன்றாவது மிஞ்சட்டும்.

நின்றது, ராய்ச்சோ. துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். கொஞ்சம் மங்கல்தான். காயக் காய நீலம் ஏறியது. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 9

கதவில் ஒட்டி, மழைக்குப் பிளாஸ்டிக் போட்டேன். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, அவித்த கோதுமையை உன் நினைவாக எல்லோருக்கும் கொடுத்தேன். ஸ்தோய்னா அக்கா "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று வாங்கி, வாயில் போடாமல் கதவையே பார்த்தபடி நின்றாள்.

"ஆள் அவன்தான். ஆனா யாரோ மாதிரி இருக்கான். அந்தப் புருவ வடு இந்தப் பக்கமா இருக்கும்?"

பஸ்ஸில் வந்து இறங்கிய தொப்ரி தரையைப் பார்த்தான். அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டேனாம். "கண்ணாடில தெரியிற மாதிரி வந்துடுச்சு அண்ணி. மத்தபடி நல்லா இருக்கு. சத்தியமா."

நிலவறைத் தாளை எடுத்து வந்தேன். எந்தப் பக்கம் என்பதை மட்டும் அவன் காட்டினான். மற்றதெல்லாம் நான். சாயங்காலத்துக்குள் கதவில் மாற்றி ஒட்டியாயிற்று. வடு அதன் இடத்தில் இருக்கிறது. ஸ்தோய்னா அக்கா மறுபடி வந்து பார்த்தாள். இந்தத் தடவை சிலுவை போட்டுக்கொண்டு கோதுமையைத் தின்றாள்.

ஏப்ரல் 11

தப்பாக வந்ததை எறிய மனமில்லை. சமையலறை மேஜையில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன். நான் பார்த்துப் பழகிய முகம் கதவில் இருக்கிறது. இவன் வேறு ஆள். வாய் மற்றப் பக்கம் கோணுகிறது, பார்வையில் கொஞ்சம் பயம்கூட இருக்கிறது. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நீ பார்த்தது இவனைத்தானே. எனக்கு இவனைத் தெரியவே தெரியாது.

உனக்கு இவனைப் பிடித்திருந்ததா, ராய்ச்சோ?