இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை

2.11.07 வெள்ளி

காலையிலிருந்து தூறல். எடைமேடையில் லாரி குறைவு. மதியம் பர்மிஷன் போட்டு வீடு.

மானம் போன நாள். குமரேசன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய டி.வி. வந்து ஐந்து நாள். ஐந்து நாளும் படம் மங்கல். டிஷ்காரன் மணிவேலுக்குத் தினம் ஒரு போன். இன்று வந்தான். டிஷ்ஷைப் பார்க்கவில்லை, பாக்ஸைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் நகத்தை வைத்து சர்ரென்று ஒரு பிளாஸ்டிக் தாளை உரித்தான்.

“அண்ணே, இதோடயேவா அஞ்சு நாளா பாத்தீங்க?”

தூசு படியாதே என்று நான்தான் உரிக்காமல் வைத்திருந்தேன். சரோஜா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். பக்கத்து வீட்டுத் தனம் அக்கா அந்த மரியாதைகூடத் தரவில்லை, எதிரே நின்றே சிரித்தது.

உரித்த பிறகும் படம் மங்கல்தான். சிரிப்பில் இதை யாரும் கவனிக்கவில்லை.

மாலை 6. குமரேசன் போன். வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு லீவு. “தீபாவளியன்னைக்கு காலையில டி.வி.யில வருவேம்மா. எங்க கேம்ப்புக்கு வந்து எடுத்தாங்க. எல்லாரும் வாழ்த்து சொன்னோம்.” சரோஜாவுக்குக் கை ஓடவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்து இரண்டேகால் வருடம். போட்டோ கேட்டால் ‘அனுப்புறேம்மா’தான். டி.வி. கொண்டு வந்த ஜெயங்கொண்டத்துப் பையனிடமும் கொடுத்துவிடவில்லை.

ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் படம் சரியாக வேண்டும்.

3.11.07 சனி

மழை இல்லை. மணிவேல் மொட்டைமாடியில். டிஷ்ஷை ஒரு விரல்கடை திருப்பினான். சிக்னல் முன்னைவிட நன்று. படம் அதே. முகமெல்லாம் தண்ணீரில் கரைந்தது போல. எழுத்து ஓரங்களில் கொசு மொய்ப்பது போல.

“டிஷ்ஷுல வர்றது சின்னப் படம்ணே. உங்க டி.வி. பெரிய படத்துக்குன்னு செஞ்சது. அதுக்குத் தகுந்த சேனல் நம்ம பக்கம் இன்னும் வரல. இருக்கறத இழுத்துப் போட்டுக் காட்டுது.”

“அப்ப என்னதான் பண்றது?”

“வயர மாத்துங்க. ஆன்டெனா வயர்ல குடுத்திருக்கு. எஸ் வீடியோ வயர்னு ஒண்ணு இருக்கு. அரியலூர்ல கிடைக்காது, பெரம்பலூர்ல கேட்டுப் பாருங்க.”

எங்கள் பழைய டப்பா டி.வி.யைத் தனம் அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான். அங்கே கேபிளில் இதே சேனல் பளிச்சென்று ஓடுகிறது. ஜன்னல் வழியாகக் குரல்: “தம்பி, தீபாவளிக்கு புள்ளயப் பாக்க எங்கூட்டுக்கு வந்துருங்க.” வேடிக்கையாகத்தான் சொன்னது. குத்தியது.

4.11.07 ஞாயிறு

பெரம்பலூர். பஸ்ஸில் நின்றபடி. வாங்க வேண்டியவை: வயர், நல்லெண்ணெய், சரோஜாவுக்கு பிளவுஸ் துணி.

மூன்று கடை. முதல் கடையில் அப்படி ஒன்றே கிடையாது என்றார்கள். இரண்டாவதில் டேப் ரிக்கார்டர் வயரை எடுத்துப் போட்டார்கள். மூன்றாவதில் ஒரு பாய். நல்ல மனுஷர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“முனையில நாலு ஊசி இருக்கும், பாத்துச் செருகுங்க, வளைஞ்சா போச்சு. ஷார்ப்னெஸ்ஸ கூட்டாதீங்க, குறைங்க. எல்லாரும் கூட்டித்தான் கெடுக்கிறாங்க. டைனமிக்னு போட்டிருக்கும், அத எடுத்துடுங்க. அது கடையில பளபளன்னு காட்டறதுக்கு வச்சது. தள்ளி உக்காந்து பாருங்க. இவ்வளவுதான்.”

துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். வயர் வந்தது, துணி வந்தது. நல்லெண்ணெய் மறந்தது. சரோஜா: “எண்ணெய் இல்லாம தீபாவளிக்கு எத தேச்சிக் குளிப்பீங்க, அந்த வயரத் தேச்சிக்குவீங்களா?”

5.11.07 திங்கள்

வெயில். வேலை முடிந்து வந்ததும் டி.வி.

வயர் – மாற்றியாச்சு. பெரிய வித்தியாசம்.
ஷார்ப்னெஸ் – 50 இருந்தது, இப்போது 10.
டைனமிக் – எடுத்தாச்சு.
கட்டில் – பின்சுவர் வரை தள்ளியாச்சு.

செய்தி வாசிக்கிற பெண்ணின் கம்மலில் கல் தெரிகிறது. சரோஜா வாயைப் பிளந்தாள். “ஏங்க, இந்தப் பொண்ணு ஏன் இப்படிப் பெருத்துருச்சு? மாசமா இருக்கோ?” சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்கும் உறுத்தல். விளம்பரத்தில் ஒரு லாரி போனது. அதன் சக்கரம் முட்டை போல. இருபத்திரண்டு வருடமாக லாரி டயர் பார்க்கிறவன். அதில் மட்டும் என்னை ஏமாற்ற முடியாது. படம்தான் பக்கவாட்டில் இழுபடுகிறது. ரிமோட்டில் தேடிப் பிடித்தேன், 4:3 என்று ஒன்று. அமுக்கினேன். மறுபடி லாரி வந்தபோது சக்கரம் வட்டம். ஆனால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

சரோஜா எட்டிப் பார்த்தாள். “என்னங்க இது, கறுப்புத் துணி கட்டுனாப்ல. நல்ல நாள் வர்ற நேரத்துல. எடுங்க மொதல்ல.”

“இதுதான் சரியான படம்.”

“புள்ள அம்மாம் பெருசு அனுப்பியிருக்கு. அதுல பாதியிலதான் அவனப் பாக்கணுமா?”

எடுத்துவிட்டேன். பழையபடி அகலம்.

7.11.07 புதன்

நல்ல மழை. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மாடிக்குப் போய் டிஷ்ஷுக்குக் குடை பிடித்தேன். கீழேயிருந்து தனம் அக்கா: “தம்பி, அதுக்குச் சளி புடிச்சிக்குமா?”

குடையால் பிரயோஜனம் இல்லை. நனைந்ததுதான் மிச்சம். நாளைக் காலை ஒரு மணி நேரமாவது மழை விட்டால் போதும். இதற்காகவெல்லாம் சாமியிடம் கேட்கலாமா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

8.11.07 வியாழன், தீபாவளி

வானம் வெளுத்திருந்தது. எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை. 8 மணிக்கே கட்டிலில் மூன்று பேர்: சரோஜா, தனம் அக்கா, நான்.

9.20க்கு வந்தான். வெட்டவெளி, மணல், பின்னால் ஒரு லாரி. நீல யூனிபார்ம். “அம்மா, அப்பா, நான் நல்லா இருக்கேன். நல்லா சாப்பிடறேன். தீபாவளி வாழ்த்துக்கள்.” அவ்வளவுதான்.

சரோஜா என் தொடையில் அடித்தாள். “ஒடம்பு பூசியிருக்குங்க! கன்னத்தப் பாத்தீங்களா? நான்தான் வீணா பயந்து கெடந்தேன்.” தனம் அக்கா: “ஆளு அகலமாயிட்டான்டி. பொண்ணு பாரு.”

எழுத வெட்கம். அந்த இருவரையும்விட நான்தான் அதிகம் பூரித்தேன். முறுக்கை எடுத்து வாயில் வைத்தபோதுதான் பின்னால் நின்ற லாரி ஞாபகம் வந்தது. அதன் சக்கரம் வட்டமாக இல்லை.

சரோஜா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

9.11.07 வெள்ளி

மேகம். மதியம் 2 மணிக்கு அதே நிகழ்ச்சி மறுபடியும். சரோஜா பலகாரத்தோடு திருமானூர், அவள் அக்கா வீட்டுக்கு. வீட்டில் நான் மட்டும்.

4:3 அமுக்கினேன். கறுப்புப் பட்டை. காத்திருந்தேன்.

லாரிச் சக்கரம் வட்டம். குமரேசன்.

காலருக்குள் கழுத்து தனியாக நிற்கிறது. தோள் ஹேங்கரில் மாட்டினது போல. கன்னம் என்பது எலும்பு மட்டும். படத்தைக் குறை சொல்ல முடியாது. மணிவேலும் பெரம்பலூர் பாயும் சொன்னதெல்லாம் சரி. கழுத்து நரம்பு வரை அவ்வளவு துல்லியம்.

ஊருக்குப் போகிற அன்று விளையாட்டாக எடைமேடையில் ஏறி நின்றான். அது பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். 70 காட்டியது. “சீட்டு போட்டுக் குடுங்கப்பா” என்றான். இன்று ஏறினால் 50. எடை விஷயத்தில் என் கண் தப்பாது.

ஜெயங்கொண்டத்துப் பையன் டி.வி.யை இறக்கும்போது சொன்னதும் ஞாபகம் வந்தது: “இதுக்குன்னே ரெண்டு டூட்டி பாத்தான்ப்பா.” அன்றைக்குப் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன்.

சரோஜா வருவதற்குள் அகலத்துக்கு மாற்றி வைத்தேன்.

மாலை 6. போன். சரோஜாதான் முதலில்.

“நல்லாப் பூசிட்டடா ராசா! இப்பத்தான் என் வயித்துல பால் வார்த்த.”

பக்கத்தில் நின்ற எனக்கும் அவன் குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. “ஆமாம்மா. மெஸ்ஸுல சாப்பாடு நல்லாருக்கு.”

பிறகு நான்.

“டி.வி. எப்படிப்பா இருக்கு? படம் தெளிவா தெரியுதா?”

“தெளிவா தெரியுதுடா. மொதல்லதான் மங்கலா இருந்துச்சு. நேத்தும் பாத்தேன். இன்னைக்கு மறுபடியும் போட்டான், தனியா உக்காந்து பாத்தேன்.”

அவன் மெதுவாக: “அம்மாகிட்ட எதுவும்...”

சரோஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு மாறாமல்.

“இங்க நல்ல மழைடா” என்றேன். “எடைமேடையில வேலையே இல்ல.”

போதும்டா குமரேசு, கிளம்பி வந்துடு.