உழுத வயலில் ஒரு பாதை

அன்புள்ள அக்கா,

ஆல்ட்ரிட்ஜ் தன் வயலை உழுது கோதுமை விதைத்துவிட்டார். குறுக்கே குன்றுக்குப் போகும் நம் ஓட்டப்பாதையும் வழக்கம்போல மண்ணுக்குள் போய்விட்டது. முன்பெல்லாம் நாம் இருவரும் ஓடி ஓடியே அதை மறுபடி உண்டாக்குவோம்.

அம்மா அடிக்கடி விழத் தொடங்கிய பிறகு நான் குன்று வரை போவதில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட புதிதில் ஆற்றோரமாவது ஓடினேன். இப்போது தேவாலயக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி மட்டும்தான். அங்கிருந்து நம் ஜன்னல் தெரியும். அம்மா சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டால் உடனே திரும்பிவிடுவேன்.

போன மாதம் ஆல்ட்ரிட்ஜ் டிராக்டரை நிறுத்திக் கத்தினார்.

"என்ன பொண்ணே, செத்தவங்களோட பந்தயமா? நீங்க மிதிக்காம என் வயல்ல பாதை எப்படி வரும்? அக்கா எங்க?"

"லீட்ஸ்ல வேலை" என்றேன்.

"அப்ப இந்த வருஷம் கோதுமைதான் ஜெயிக்கும், போ!"

ஜெயித்துவிட்டது, அக்கா. பாதை இருந்த இடமெல்லாம் பச்சை.

நீயும் களைத்திருப்பாய். என்னோடு ஓட வேண்டாம். ஒரே ஒரு ஞாயிறு காலை வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திரு. நான் குன்று வரை போய் வருகிறேன்.

கட்டாயம் திரும்பி வந்துவிடுவேன்.

உன் தங்கை