மீட்டரும் உன் காதும்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஃபோனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவாய் என்று எழுதுகிறேன். நான் ஏற்றிவிட்ட விறகு லோடு திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர் வீடு முழுக்க ஒரே புகையாம். "காஞ்ச விறகுன்னு சொல்லி ஈரத்தை அனுப்பியிருக்கியே!" என்று முதலாளி கத்தினார். நானோ ஒவ்வொரு கட்டையிலும் ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்திப் பார்த்துத்தான் ஏற்றினேன். எல்லாம் பதினைந்து சதவீதத்துக்குள் காட்டியது; இருபதுக்குள் இருந்தால் காய்ந்தது என்று கணக்கு.

மேஸ்திரி அதில் ஒரு கட்டையைப் பிளந்து உள்பக்கம் குத்தினார். முப்பத்திரண்டு! "மேலே காஞ்சா உள்ளேயும் காஞ்சிருக்கும்னு யார் சொன்னா?" என்றார். அதற்காக எல்லாக் கட்டையையும் பிளந்துகொண்டே போவதா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னொரு தடவை லோடு திரும்பினா நீயும் ஊருக்குத் திரும்பிடலாம்" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நம்மூர் விறகுக் கடையில் நீ இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தைக் கேட்டு, "இது வேணாம்" என்று ஒதுக்குவாயே, நான்கூடக் கேலி செய்வேனே. இப்போது நானும் தட்டுகிறேன். எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது. காய்ந்த கட்டையின் சத்தமே மறந்துபோயிற்று.

லாரி வந்துவிட்டது. ஒன்று மட்டும் செய். நல்ல காய்ந்த கட்டையாக இரண்டை எடுத்துத் தட்டி, ஃபோனில் பதிவு செய்து அனுப்பு. பக்கத்தில் சின்னவள் கத்தினால் அதட்டாதே. அதுவும் சேர்ந்து வரட்டும்.

உன்னவன்