நேரே வந்து நிற்கிறோம், அக்கா

என் உசிரான அக்காவுக்கு,

உன் முத்து எழுதுகிறேன். எழுதும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது. அழுகை பாதி, மருந்து பாதி. ஆமாம், நானும் இப்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறவள் ஆகிவிட்டேன். நீ இருந்தால், "தையக்காரிக்கு ஊசிக் கண்ணுதானடி தெரியல, உன் கண்ணுக்கு என்ன கேடு?" என்று சிரித்திருப்பாய்.

சிரிக்காதே அக்கா. உன் கண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். நீ இருந்தவரை உனக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. நீ போய் ஒரு ஏலக்காய்ப் பறிப்பும் முடிந்த பிறகு எனக்குத் தெரிய வந்திருக்கிறது. இனித் தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் உன் மகன் சரவணன் இருக்கிறானே. தினமும் ஜீப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவன். இந்தச் சேதி அவன் தலைக்கு மேலும் நின்றது. அவன் கதையைப் பின்னால் சொல்கிறேன், பொறு.

ஏலக்காய் குடோனில் உன் கண்ணுக்கு இருந்த பேர் போடி ஊருக்கே தெரியும். சொளகில் காயைப் பரப்பி, வெளுத்தது, வெடித்தது, பூச்சி அரித்தது என்று நீ பொறுக்கிப் போட்டால் மறுபார்வை கிடையாது. "ராசாத்தி சொளக நான் என்னத்தப் பாக்க, கொண்டா, சாக்குல கொட்டு" என்பார் கணக்குப்பிள்ளை. அங்கே கண் சோதனை என்றால் அது ஒன்றுதான். சொளகில் வெளுத்த காய் தங்க ஆரம்பித்தால் அந்தப் பெண்ணை மூட்டை தைக்கவும் கூட்டவும் அனுப்பிவிடுவார்கள். உன்னைக் கடைசி வரை சொளகை விட்டு யாரும் எழுப்பவில்லை. ஊர்க்கண் பட்டுவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் உன் கண்ணுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள்.

எனக்கும் நீதானே ஊசி கோத்துத் தருவாய்? காலையில் சிலமலை பஸ்ஸை விட்டு இறங்கி, குடோனுக்குப் போகிற வழியில் என் தையல் கடையில் நிற்பாய். அன்றைக்கு வேண்டிய ஊசிகளை எல்லாம் கோத்துத் துணி உருண்டையில் குத்தி வைத்துவிட்டுப் போவாய். நூலை எச்சில்கூடப் பண்ண மாட்டாய். அப்பேர்ப்பட்ட கண்ணில் குறை இருக்கும் என்று எவள் நினைப்பாள்?

ஆனால் நிலைப்படியில் இடித்து இடித்து உன் தோள் கன்னிப்போய்க் கிடந்தது. பக்கத்தில் வைத்த காப்பித் தம்ளரைத் தட்டிவிடுவாய். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று நாங்கள் கேலி பண்ணுவோம். நீயும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, "என்னத்தையோ நெனச்சுக்கிட்டு நடந்துட்டேன்டி" என்பாய். என்னத்தை நினைத்தாய் அக்கா? பயந்தாயா? உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று உனக்குப் பட்டதா?

ராசிங்காபுரத்துக் கல்யாணம் நினைவிருக்கிறதா? உன் நாத்தனார் பேச்சியம்மா வீட்டுக் கல்யாணம். பெண்ணைப் பெற்ற பேச்சி வாசலோரம் சந்தனக் கிண்ணத்தோடு நின்று "வாங்க மதினி" என்றாள். நம் பக்கத்தில் கல்யாண வாசலில் "வாங்க" என்றால் "வர்றேன்" என்று வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் போவதும் மூஞ்சியில் துப்புவதும் ஒன்றுதான். மேளச் சத்தத்தில் அவள் குரல் உன் காதில் விழவில்லை. நீ பாட்டுக்கு அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாய்.

"பாத்தும் பாக்காத மாதிரிப் போறா பாரு. மகன் ஜீப்பு வாங்கிட்டான்ல, அந்தத் திமிரு" என்று பேச்சி பந்தியிலேயே சத்தம் போட்டாள். அதோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனது. என் கடையில் உட்கார்ந்து நீ அழுதாய். "சத்தியமா நான் அவளப் பாக்கலடி முத்து. வாசல்ல அவ இல்லவே இல்ல." ஒருத்தரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? அதே கல்யாணத்தில்தான், எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்த என் ஜாக்கெட் தோளில் நூல் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்து நீ சைகை காட்டினாய்.

அப்புறம் அந்தச் சாயங்காலம். குடோன் விட்டு வந்தவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டைக் கடந்தாய். மலையிலிருந்து இறங்கி வந்த எவனோ ஒருவன் ஜீப் உன்மேல் ஏறிவிட்டது. அந்த டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு கதறினான். "அந்தம்மா எம் பக்கந்தாண்ணே திரும்புச்சு. என்னையப் பாத்துட்டுத்தான் எறங்குச்சு. வண்டியப் பாத்தவுக எறங்குவாகன்னு நான் கண்டேனா?" பொய் சொல்கிறான் என்று நம் ஆட்கள் அவனை அடிக்கப் போனார்கள். இப்போது எனக்குத் தெரிகிறது, அவன் சொன்னது நிசம். நீ திரும்பித்தான் இருக்கிறாய். திரும்பிய அளவு போதவில்லை, அவ்வளவுதான்.

நீ போன பிறகு ஊசி கோக்க ஆளில்லை. வெள்ளெழுத்துதானே, ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வோம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்கு அளவு எடுத்த டாக்டரம்மா, கண்ணின் அழுத்தத்தையும் பார்த்தார். "கண்ணுல பிரஷர் கூட இருக்கும்மா" என்றார். "எனக்குப் பிரஷர் தலையிலதான் டாக்டரம்மா ஏறும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கிளாக்கோமா என்று பேர் சொன்னார். "வலிக்காது, உறுத்தாது, சிவக்காது. முதல்ல ஓரப்பார்வை கொஞ்சங்கொஞ்சமாப் போகும். நடுப்பார்வை ரொம்ப நாளைக்குத் தெளிவாவே இருக்கும். ஊசிகூடக் கோப்பாங்க. அதனால யாருக்கும் சந்தேகம் வராது" என்றார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் நீ என் கண்முன் வந்து நின்றாய். நிலைப்படி, தம்ளர், கல்யாண வாசல், ஜீப் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஆளப் பரிசோதிக்காம நான் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றது எல்லாம் அதோட அடையாளந்தான். போன பார்வையைத் திருப்ப முடியாது. இருந்ததை மருந்து விட்டுக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்" என்றார். மருந்து, அக்கா. சுண்டுவிரல் நீளக் குப்பி. நாம் உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தோம்.

ஓரப்பார்வை சோதனைக்கு என்று பாதிப் பானை மாதிரி ஒரு வெள்ளை மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு வெளிச்சம். அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது பொட்டு வெளிச்சம் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். சில நேரம் ஒன்றுமே வராமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். வந்துதான் இருக்குமோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றியதும் அழுகை முட்டிவிட்டது. "அழாதீங்கம்மா, நடுவுலயே பாருங்க" என்றது அந்த நர்சுப் பிள்ளை. நடுவிலேயே பார்த்துப் பார்த்துத்தான் நீ போய்ச் சேர்ந்தாய் என்று அதனிடம் எப்படிச் சொல்வேன்?

எனக்கு ஆரம்பம்தானாம். ரத்த சொந்தத்தில் வரக்கூடியது, உங்கள் அக்கா பிள்ளையையும் கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். உன் மகனா வருவான்? "மேட்டுல பனி எறங்குனாக்கூட எதிர்வண்டி லைட்டு எனக்குத் தெரியும் சித்தி. எனக்கென்ன?" என்று நழுவினான். கூப்பிடும்போதெல்லாம் ஒரு சாக்கு.

என் குணம்தான் உனக்குத் தெரியுமே. ஒரு நாள் காலையில் ஆட்கள் ஏறி ஜீப் கிளம்புகிற நேரம், முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"லோடு ஏறிருச்சு சித்தி, எறங்குங்க. வந்து பேசிக்குவோம்."

"எறங்க மாட்டேன். நேரா வர்ற லைட்டு உங்கம்மாளுக்குந்தான்டா தெரிஞ்சுச்சு. பக்கத்துல வந்தது தெரிஞ்சுச்சா?"

பின்னால் இருந்த பொட்டிபுரத்துக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, வெரசாப் போயி கண்ணக் காமிச்சுட்டு வந்துரு. இன்னைக்கு ஒரு நாச் சோலி போனாப் போகுது. உருண்டா நாங்களும்ல சேந்து உருளணும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கியே விட்டாள். ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். சரவணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். "கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா என்ன சித்தி பண்ணுவேன்? எனக்கு இத விட்டா வேற என்ன தெரியும்?" என்றான். உன் மகன் பயந்தாங்கொள்ளி இல்லை அக்கா, வயிற்றுப்பாட்டுக்குப் பயந்தவன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவனுக்கும் வலது கண்ணில் லேசாகத் தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு வண்டி ஓட்டலாமாம். மருந்து ஒரு வேளையும் தவறக்கூடாது, சொன்ன நேரத்துக்கு வந்து சோதித்துக்கொள்ள வேண்டும், ஓரம் குறைகிற மாதிரி இருந்தால் நானே வண்டியை நிறுத்தச் சொல்வேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சரி சரி என்று தலையாட்டியவன் வெளியே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"சித்தி, ரோட்டக் கடக்கையில அம்மா எங் கையப் புடிக்கும். கொஞ்சுதுன்னு நெனச்சேன். 'நான் என்ன பச்சப்புள்ளையா, விடும்மா'ன்னு ஒதறிருக்கேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவன் உதறவில்லை.

விஷயம் ராசிங்காபுரம் வரைக்கும் போய்விட்டது. போன வாரம் பேச்சியம்மா உன் வீட்டுக்கு வந்தாள். நீ செத்ததற்குக்கூட ஊரோடு வந்து ஊரோடு போனவள். உன் படம் மாட்டியிருக்கிற சுவருக்கு முன்னால் போய், கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்தவள், நகர்ந்து நகர்ந்து நட்டநடுவில் வந்து நின்றாள்.

"மதினி, நேரா வந்து நிக்கிறேன். இப்பத் தெரியிறேனா?" என்றாள்.

நீ அந்தப் படத்தில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "வாங்க மதினி" என்று பேச்சி இன்னொரு தடவை சொன்னாள். உனக்காக நான்தான் பதில் சொன்னேன். "வர்றேன்" என்றேன்.

ஊசியை இப்போது கண்ணாடி போட்டு நானே கோக்கிறேன் அக்கா. உன்னை மாதிரி ஒரே தடவையில் வருவதில்லை. சரவணன் மலைக்குக் கிளம்பும் முன் என் கடையில் நிற்கிறான். நீ நின்ற இடம்தான். தலையை அண்ணாந்து காட்டுகிறான், நான் மருந்து விடுகிறேன். என் கையில் உயிர் இருக்கிற வரைக்கும் அந்தச் சொட்டு ஒரு நாளும் தவறாது. உன் பிள்ளையின் ஓரத்தை நான் காத்துக் கொடுப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த,
உன் கண்ணையே தன் கண்ணிலும் வைத்திருக்கிற தங்கச்சி
முத்துலட்சுமி